நின்றால்தான் குறி

அபிராமபுரத்திலிருந்து அடையாற்றைத் தாண்டினால் கிண்டி தேசியப் பூங்கா அதிக தூரமில்லை. அதன் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். புள்ளிமானும் வெளிமானும் அங்கே வாழ்கின்றன. வழிதவறி ஒரு மான் தெருவுக்கு வந்துவிட்டால், "மயக்க ஊசி போட்டுப் பிடிச்சுட்டுப் போக வேண்டியதுதானே" என்கிறோம். ஓடும் மானைக் குறி பார்ப்பது எவ்வளவு கடினம் என்று வில் வேட்டையின் கணக்கைப் பார்த்தால் இப்படிச் சொல்லத் தோன்றாது.

வில் வேட்டைக்கு அனுமதியுள்ள அமெரிக்காவில் இன்றைய நவீன வில்லின் அம்பு நொடிக்கு ஏறத்தாழ 90 மீட்டர் பாய்கிறது. 30 மீட்டர் தொலைவிலுள்ள மானை அடைய மூன்றில் ஒரு நொடி வேண்டும். அதற்குள், நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் மெல்ல நடக்கும் மான்கூட ஒரு சாணுக்கு மேல் நகர்ந்துவிடும். முன்னங்காலுக்குப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமே ஏறக்குறைய அவ்வளவுதான். நெஞ்சுக்கு விட்ட அம்பு வயிற்றில் தைக்கும். முன்கூட்டியே தள்ளிக் குறிவைக்கலாமே என்பார்கள். மான் அதே வேகத்தில் நடந்தால் சரி. நடுவில் நின்றாலோ திரும்பினாலோ கணக்கு கெட்டது. அதனால்தான் தேர்ந்த வேட்டைக்காரர்கள் வாயால் சிறு ஒலி எழுப்பி அதை நிற்கவைக்கிறார்கள். அதிலும் சிக்கல் உண்டு: அம்பைவிட நாணொலி முந்திப் போகும், காதைத் தீட்டி நிற்கும் மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்த, அம்பு முதுகுக்கு மேலே போய்விடும்.

வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடவில்லையா? பாடினார், வள்ளலைப் புகழ வந்த பாட்டு அது. எனக்கு நம்பகமாகப் படுவது குறிஞ்சித்திணைத் தலைவன்தான். அம்பு பட்ட விலங்கு இந்தப் பக்கம் வந்ததா என்று தினைப்புனத்தில் விசாரித்துக்கொண்டு நிற்கிறான். காதலுக்கு அது சாக்கு என்றாலும், அப்படி நடப்பது வழக்கமாக இல்லாவிட்டால் சாக்கு எடுபடாதே!

மயக்க ஊசிக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். தொடை அல்லது தோள் சதையில்தான் தைக்க வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ பட்டால் உயிருக்கே ஆபத்து. சரியாகப் பட்டாலும் மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். மிரண்ட மான் அதற்குள் சாலையில் பாயும். ஓடிக் களைத்துத் தசை சிதைந்து, சில நாள் கழித்தும் சாகலாம். அதற்காகச் சும்மா விட்டுவிடுவதா என்றால், இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிக்க முயல்வதும் வேட்டைதான். அதனால் மானைப் பிடிப்பது வனத்துறையின் வேலை. தெருக்காரர்கள் செய்ய வேண்டியது, நாயைக் கட்டிப்போட்டு, கைபேசியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடாமல் இருப்பது. மான் நின்றால்தான் மருத்துவருக்குக் குறியே கிடைக்கும்.