தீப்பிடித்தால் முதலில் எது?

லயத்தில் ஒரு காம்பரா தீப்பிடித்தால் நாம் வாளியும் கையுமாக எரியும் இடத்துக்கே ஓடுகிறோம். தீயணைப்புப் படையினர் அப்படி ஓடுவதில்லை. வந்திறங்கியதும் அவர்களின் தலைவர் முதலில் சுற்றிப் பார்க்கிறார். உள்ளே யாராவது இருக்கிறார்களா, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, மின்சாரமும் எரிவாயு சிலிண்டரும் எங்கே என்று விசாரிக்கிறார். இதற்குச் செலவாகும் ஒரு நிமிடம் வீணல்ல.

அதன்பின் வேலை ஓர் ஒழுங்கில் நடக்கிறது. முதலாவது உயிர். இரண்டாவது, தீ பரவாமல் தடுத்து அணைப்பது. மூன்றாவதுதான் உடைமை. சில வேளைகளில் தீயை உடனே அணைப்பதே உயிர் காக்கும் வழியாகவும் அமையும்.

லயத்தில் பல காம்பராக்களுக்கு ஒரே கூரை. கூரைக்கு அடியால் புகையும் நெருப்பும் ஓடும். ஆகவே, முற்றாகப் பற்றிய காம்பராவை விட்டு அடுத்த காம்பராவை அவர்கள் நனைக்கக்கூடும். வீட்டுக்காரருக்கு அது கைவிட்டதுபோல் தோன்றும். ஆனால் மற்றைய குடும்பங்களின் கூரை அதனால்தான் தப்புகிறது.

காப்பாற்றப் போகிறவரின் உயிரும் உயிரே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிந்து லயங்களை மூடியது. மழை பெய்து மண் மீண்டும் சரியும் அபாயம் எழுந்தபோது தேடுதலை இடையில் நிறுத்த வேண்டியிருந்தது. காத்திருந்த உறவினருக்கு அது தாங்கமுடியாத வேதனை. ஆயினும் மீட்கச் சென்றவர்களும் புதையுண்டால் மீட்க யார் இருப்பார்?

இடம்பெயர்ந்து வந்த எமக்கு ஒரு விசேட சோதனை உண்டு. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம் ஆகியவற்றை எடுக்க எரியும் வீட்டுக்குள் திரும்பிப் போக மனம் உந்தும். போகக்கூடாது. நெருப்புக்கு முன்னரே புகை ஆளை வீழ்த்திவிடும். பத்திரங்களின் பிரதியை வேறொரு வீட்டில் இன்றே கொடுத்து வைப்போம்.

தீயணைப்பு வண்டி வந்துசேர நேரமெடுக்கும் மொனராகலைக் கிராமங்களில் முதற்படை நாமே. எனவே இந்த ஒழுங்கை மனதில் வைப்போம்:

1. எல்லோரையும் வெளியேற்றி, ஓரிடத்தில் கூட்டி, தலை எண்ணுவோம். முதியோரையும் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கேட்போம்.
2. ஒருவர் 119 அல்லது 117க்கு அறிவிக்கட்டும். காயம்பட்டோருக்கு 1990 அம்புலன்சை அழைப்போம்.
3. ஆபத்தின்றி எட்டுமானால் மின்சார மெயின் சுவிட்சை நிறுத்துவோம். மின்சாரம் உள்ள இடத்தில் தண்ணீர் ஊற்றோம்.
4. பின்னர் அயல்வீட்டைக் காப்போம்.

வீட்டை மீண்டும் கட்டலாம். தலை எண்ணும்போது ஒருவரும் குறையாதிருப்பதே எமது முதல் வெற்றி.