மைக் திறப்பதற்கு முன்னால்

சில வருஷங்களுக்கு முன்பு, துபாயில் ஒரு தமிழ் வானொலியில் பகுதி நேரமாகக் காலை நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தேன். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் ஷார்ஜா. நன்றாகப் பேச்சு வரும். அது போதும் என்று நினைத்திருந்தேன்.

அது ஒரு ஜூன் மாதம். பாட்டு முடிய முப்பது விநாடி இருந்தது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஒரு செய்தியைப் பார்த்து, "இனிமே மதியம் பன்னிரண்டுல இருந்து மூணு வரைக்கும் வெளிவேலை கிடையாது, ரெஸ்ட் எடுங்க மக்களே!" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ஒருவர் போன் செய்தார். நல்ல வேளை, அது ஒலிபரப்பில் போகவில்லை.

"தம்பி, நேத்து நீங்க பன்னிரண்டுன்னு சொன்னீங்க. அதைக் கேட்டு நம்ம பசங்க நாலு பேரு பன்னிரண்டுக்கே கீழ இறங்கிட்டாங்க. இங்க பன்னிரண்டரைதானாம். ஃபோர்மேன் அரை நாள் சம்பளத்தைப் பிடிப்பேங்கிறாரு."

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன்.

"கோபம் இல்ல தம்பி. ரேடியோல சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சோம்."

அப்புறம்தான் சரிபார்த்தேன். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, தடை நேரம் 12.30 முதல் 3 மணி. எனக்கு வந்த செய்தி சவூதியுடையது. அங்கேதான் 12 முதல் 3. கத்தாரில் காலை 10 முதல் 3.30, குவைத்தில் 11 முதல் 4. வளைகுடா என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நான் நினைத்ததற்கு, நாலு பேர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றே மூன்று முறை திருத்தம் சொன்னேன். ஆனால் அவர்களின் சம்பளம் தப்பியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று முதல் ஒரு பழக்கம் வந்தது. ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றால், குறைந்தது ஒரு மணி நேரம் முன்னாலேயே உட்காருவேன். எந்தத் தகவலானாலும் எந்த நாட்டுக்கு, எந்தத் தேதியிலிருந்து, யார் அறிவித்தது என்று பக்கத்திலேயே எழுதுவேன். போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998, தீயணைப்பு 997 என்று முக்கிய எண்கள் ஒரு அட்டையில் இருக்கும். 2024 ஏப்ரல் 16 மழை நினைவிருக்கிறதா? அல் ஐன் பக்கம் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த மாதிரி நாளில் மைக் முன்னால் இருப்பவர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இதை அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். 1979-ல் ஷார்ஜாவுக்கு வந்தவர் அவர். சின்ன வயசில் புதுக்கோட்டைப் பக்கம் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் என்று பேர் பேராகச் சொல்வார். "பாட்டுக்குப் பாட்டுல போட்டியாளர் எழுத்துக்குப் பாட்டு கிடைக்காம முழிச்சா, ஹமீதே எடுத்துக் கொடுப்பாரு. எத்தனை பாட்டைக் கேட்டு வெச்சிருந்தா அது வரும்? நீ அதை வாய்த் திறமைன்னு நெனச்சுட்ட" என்றார்.

போன மாதம் என் பதினொரு வயசு மகளுக்குச் சிறுவர் நிகழ்ச்சியில் வாய்ப்பு வந்தது. இரண்டு நிமிஷம் பிறந்தநாள் வாழ்த்து வாசிக்கணும். பெயர்ப் பட்டியல் ஆங்கில எழுத்தில் இருந்தது. நம்ம பிள்ளைகளுக்கு அதுதானே சுலபம்! முதல் வரியிலேயே, "கிலகரையைச் சேர்ந்த..." என்று ஆரம்பித்தாள்.

நிறுத்தினேன். "ஊர்ப் பேர் தப்பும்மா."

"ரெண்டு நிமிஷம்தானேப்பா. யாரு கவனிக்கப் போறா?"

"அந்த ஊர்க்காரங்க கவனிப்பாங்க" என்று சொல்லி, தாத்தாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன்.

"கீழக்கரை, கண்ணு. 'கீ'யை நீட்டு. அப்புறம் 'ழ', நாக்கை உள்ள மடி. ராமநாதபுரம் பக்கம் கடலோர ஊரு. அங்க இருந்து எத்தனையோ பேரு துபாய்ல இருக்காங்க."

பட்டியலில் இருந்த பதினான்கு பெயர்களையும் தாத்தாவிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதினாள். முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு சத்தம் போட்டு ஐந்து முறை வாசித்தாள். எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்கச் சொன்னால் ஓடுகிறவள், அன்று ஓடவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பாட்டியின் குரல் பதிவு வந்தது. "எங்க கீழக்கரையை அவ்வளவு அழகாச் சொன்ன புள்ள யாரும்மா?"

அதை மூன்று முறை போட்டுக் கேட்டாள். பிறகு என்னிடம் வந்து, "அப்பா, அடுத்த தடவை லிஸ்ட்டை முந்தின நாளே வாங்கிக் கொடு. தாத்தா சீக்கிரம் தூங்கிடுவாரு" என்றாள்.