கடன் வாங்கிய கிரீடம்

ஐரோப்பாக் கண்டத்தின் தென்கிழக்கே, ஏட்ரியாடிக் கடலோரத்தில், மலைகளுக்கு நடுவே அமைந்திருக்கும் சின்னஞ் சிறு தேசம் அல்பேனியா. 1912-ம் வருஷம் துருக்கியின் ஆட்சியினின்று விடுபட்ட அத் தேசத்தில், இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சுமார் பத்து லட்சம் ஜனங்களே வசித்தனர். அவர்களை ஆண்ட ஜோக் மன்னரின் கதை நம்மவர் அறிய வேண்டிய ஒன்று. ஒரு தேசத்தின் சுதந்திரம் பாங்கிக் கணக்கின் வழியாக எவ்வாறு கைமாறுகிறது என்பதை அதில் காண்கிறோம்.

அஹமத் ஜோகு, மாத்தி என்னும் மலைநாட்டுத் தலைவர் குடும்பத்தில் 1895-ல் பிறந்தவர். 1920-ல் உள்நாட்டு மந்திரியாகவும், 1922-ல் பிரதம மந்திரியாகவும் ஆனார். 1924-ம் வருஷம் ஜூன் மாதத்தில், பாதிரியார் பான் நோலியின் கட்சியார் கிளப்பிய புரட்சியினால் யுகோஸ்லாவியாவுக்கு ஓடினார். ஆறு மாதம் கழித்து, அந்நாட்டின் உதவியோடும் ருஷ்யாவிலிருந்து வெளியேறிய வீரர்கள் சிலரோடும் திரும்பி வந்து ஆட்சியைக் கைப்பற்றினார். 1925-ல் குடியரசுத் தலைவர். 1928-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி ‘அல்பேனியர்களின் அரசர்’!

ஜோக் திறமையற்றவர் அல்லர். மலைவாசிகள் பலரிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தார். பழைய துருக்கிச் சட்டங்களுக்குப் பதிலாக ஐரோப்பிய முறையில் சிவில் சட்டம் இயற்றுவித்தார். ஆனால் போலீஸுக்கும் பட்டாளத்துக்கும் சம்பளம் கொடுக்க வேண்டுமே! பொக்கிஷமோ காலி. யுகோஸ்லாவியாவின் தயவில் பதவிக்கு வந்தவர், அதன் பிடியிலிருந்து தப்புவதற்காக முஸோலினியின் பக்கம் திரும்பினார்.

இத்தாலி தாராளமாகவே கொடுத்தது. 1925-ல் இத்தாலிய மூலதனத்தோடு அல்பேனிய தேசிய பாங்கி ஏற்பட்டது. பெயர் தேசிய பாங்கி. அதன் தலைமைக் காரியாலயம் இருந்ததோ ரோமாபுரியில்! சாலைகளும் பாலங்களும் அமைக்க ஐந்து கோடி தங்க பிராங்க் கடன் கிடைத்தது. அதற்கு ஈடாகச் சுங்க வருமானம் வைக்கப்பட்டது. வேலைகளை எடுத்துச் செய்தவர்கள் இத்தாலியக் கம்பெனியார். ஆகவே பணத்தின் பெரும் பகுதி வந்த வழியே திரும்பிற்று. 1926-லும் 1927-லும் உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. சேனைக்குப் பயிற்சி அளிக்க இத்தாலிய உத்தியோகஸ்தர்கள் வந்து சேர்ந்தனர்.

மன்னர் ஒரு முறை தலை நிமிர்ந்ததையும் சொல்லாமலிருப்பது நியாயமல்ல. சுங்க ஐக்கியம் வேண்டுமென்று இத்தாலி கேட்டபோது மறுத்துவிட்டார். 1933-ல் தனியார் பள்ளிக்கூடங்களை எல்லாம் சர்க்கார் வசமாக்கியதில், இத்தாலியப் பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டன. உடனே பண உதவி நின்றது. 1934 ஜூனில் இத்தாலியப் போர்க் கப்பல்கள் டூரஸ் துறைமுகத்தின் முன் வந்து நின்றன. வேறு எந்த வல்லரசும் கடன் தர முன்வரவில்லை. 1936-ல் மன்னர் மீண்டும் இத்தாலியிடமே கையேந்த நேர்ந்தது.

முடிவு 1939 ஏப்ரல் 7-ந் தேதி, புனித வெள்ளியன்று வந்தது. இத்தாலியப் படைகள் கரையில் இறங்கின. முஸோலினியின் இறுதி நிபந்தனைகளை ஜோக் ஏற்கவில்லை என்பது உண்மை. ஆனால் எதிர்த்து நிற்கப் பலமும் இல்லை. பகைவரிடமே பாடம் கற்ற சேனை என்ன செய்யும்? இரண்டு நாளைய சிசுவோடும் ராணி ஜெரால்டினோடும் அவர் கிரீஸ் தேசம் சென்றார். டூரஸ் துறைமுகத்தில் மூஜோ உல்சினாகு என்ற சாதாரணக் கடற்படை வீரர் இயந்திரத் துப்பாக்கியுடன் போராடி உயிர் நீத்தார். ஐந்தே நாளில் அல்பேனியக் கிரீடம் இத்தாலிய மன்னரின் சிரசுக்கு மாறியது. ஜோக் மறுபடியும் ஆட்சிக்கு வரவே இல்லை. 1961-ல் பிரான்சில் காலமானார். அவருடைய அஸ்தி 2012-ல்தான் தாய்நாடு சேர்ந்தது.

நேயர்கள் மற்றொரு வருஷத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1920-ல், பொக்கிஷமும் பயிற்சி பெற்ற சேனையும் இல்லாத காலத்தில், இதே அல்பேனியக் குடியானவர்கள் வ்லோரா பட்டணத்தை முற்றுகையிட்டு, இதே இத்தாலியப் படைகளை வெளியேறச் செய்தார்கள். அப்பொழுது அவர்கள் கையில் ஆயுதம் இருந்தது. தேசம் தங்களுடையது என்ற எண்ணமும் இருந்தது. ஜோக் தம் ஆட்சியைக் காப்பதற்காக அந்த ஆயுதங்களைப் பறித்து, அந்நியன் பணத்தை நம்பினார். ஜனங்களுடைய பலத்தில் நிற்காத சிம்மாசனம், கடன் கொடுத்தவன் கேட்கிற அன்று காலியாகிவிடும்.