ஒன்றா, வேறா? மருந்தாய்வில் திறந்த தரவும் வினவல் தரமும்

மருந்தாய்வில் தரவுகளைப் பொதுவில் திறந்து வைக்கும் போக்கு இன்று நன்கு வேரூன்றிவிட்டது. வேதிச் சேர்மங்கள் எந்தப் புரதத்தின்மீது எவ்வளவு வலிமையுடன் செயற்படுகின்றன என்பதைத் தொகுத்தளிக்கும் கெம்பிள் தரவுத்தளம் இதற்குத் தக்க சான்றாகும். தனியார் நிறுவனமொன்றின் உடைமையாயிருந்த அத்தொகுப்பு, 2008இல் வெல்கம் அறக்கட்டளையின் நிதியுதவியால் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்திற்கு மாற்றப்பெற்று, 2009இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. புரதங்களுக்கு யூனிபுரோட், மருந்துகளுக்கு டிரக்பேங்க் எனப் பிற தளங்களும் உள. எனினும், ஒவ்வொன்றும் தனக்கெனப் பெயரீட்டு முறையும் அமைப்பும் உடையது. ஆகவே, திறந்திருக்கும் தரவெல்லாம் வினவத்தக்க தரவு எனக் கருதுதல் பொருந்தாது.

2011இல் ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்களும் மருந்து நிறுவனங்களும் இணைந்து தொடங்கிய ஓப்பன் ஃபேக்ட்ஸ் திட்டம் இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. அத்திட்டத்தினர் முதலில் ஆய்வாளர்களின் உண்மையான வினாக்களைத் திரட்டினர். ஆக்சிடோரிடக்டேஸ் நொதிகளை மனிதரிலும் சுண்டெலியிலும் 100 நானோமோலாருக்குக் குறைந்த செறிவில் தடுக்கும் சேர்மங்கள் யாவை என்பது அவற்றுள் ஒன்று. ஒரே வரியில் அடங்கும் இவ்வினாவிற்கு விடை காண, நொதி வகைப்பாடு ஓரிடத்திலிருந்தும் செயல்திறன் அளவீடு வேறோரிடத்திலிருந்தும் வரவேண்டும். ஓரளவீடு மைக்ரோமோலாரில் பதிவாகியிருப்பின், அலகு மாற்றாதபோது விடை ஆயிரம் மடங்கு பிறழும்.

இத்தகைய இணைப்பிற்கு உதவுவன இரு தரங்கள். ஆர்.டி.எஃப். என்பது ஒவ்வொரு செய்தியையும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்னும் மூவுறுப்புத் தொடராக்கி, உறுப்புகளுக்கு வலைமுகவரியை அடையாளமாகத் தருகிறது. இவ்வமைப்பைத் தமிழாசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2008இல் ஏற்பளிக்கப்பட்ட ஸ்பார்க்கிள் என்னும் வினவுமொழியோ, அத்தொடரின் ஓர் உறுப்பை வெற்றிடமாக விட்டு, அதனை நிரப்பவல்லவை எவை என்று கேட்கிறது. 2013இல் வெளிவந்த அதன் 1.1 பதிப்பு, பல தளங்களை ஒரே வினவலில் இணைத்துக் கேட்கவும் வழிசெய்தது.

ஆயினும், இரு தளங்களில் உள்ள இரு பெயர்கள் ஒரே பொருளைக் குறிக்கின்றனவா என்பதை எந்த வினவுமொழியும் தானாக அறியாது. பாராசிட்டமாலும் அசெட்டமினோஃபெனும் ஒன்றே என்பது, நிகண்டுகளின் ஒருபொருட் பல்பெயர் போன்ற எளிய நிலை. இமாடினிப் அவ்வாறன்று. இரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்குரிய இம்மருந்து, மாத்திரையில் மெசிலேட் உப்பாக அமைகிறது. 100 மில்லிகிராம் இமாடினிப்பைப் பெற ஏறத்தாழ 119.5 மில்லிகிராம் உப்பு தேவை. எடையளக்கும் மருந்தாளருக்கு இவை இரண்டும் வேறு. வேதியமைப்பிலிருந்து பெறப்படும் 27 குறிகள் கொண்ட இன்ச்சிக்கீ அடையாளமும் வேறு. கரைசலில் உப்பு பிரிந்துவிடுவதால், புரதத்தின்மீதான செயலை ஆராய்பவருக்கோ இரண்டும் ஒன்று.

இதே வினா நீதிமன்றமும் ஏறியுள்ளது. அறியப்பட்ட பொருளின் உப்புகளும் படிக வடிவங்களும், பயனாற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லாவிடில் அதே பொருளாகவே கொள்ளப்படும் என்கிறது இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்திற்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் அளித்த விண்ணப்பம் 2006இல் நிராகரிக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. மலிவான மாற்று மருந்துகளின் இருப்பே அத்தீர்ப்பைச் சார்ந்திருந்தது.

ஓப்பன் ஃபேக்ட்ஸ் கண்ட வழி 'அறிவியல் வில்லை' எனப்பட்டது. இறுக்கமான வில்லையில் முற்றிலும் ஒத்த அமைப்புடையவை மட்டுமே ஒன்றாகும். நெகிழ்வான வில்லையில் உப்பும் மூலமும் இணையும். ஒருமை என்பதைத் தரவுக்குள் நிலையாகப் பதித்துவிடாமல், வினவுவோரின் நோக்கத்திற்கு அதனை விட்டுக்கொடுத்தமையே இத்திட்டத்தின் தலையாய பங்களிப்பு என்பது என் கருத்து. ஆனால், எவ்வில்லையில் பெற்ற விடை என்று குறிக்காத ஆய்வுமுடிவைப் பிறர் சரிபார்க்க இயலாது.

உரிமம் பற்றியும் ஒரு சொல். கெம்பிளை வணிகத்திற்கும் பயன்படுத்தலாம்; மூலத்தைக் குறிப்பிட்டு, வழிப்படைப்பையும் அதே உரிமத்தில் பகிர்தல் போதும். டிரக்பேங்கையோ வணிகம் சாரா ஆய்வுக்கே கட்டணமின்றிப் பெற முடியும். இரண்டையும் ஒரே வினவல் தடையின்றி இணைத்துவிடும். கிடைத்த விடையைப் பல்கலைக்கழக மாணவர் பயன்படுத்தலாம், நிறுவன ஆய்வாளரோ முதலில் தனி உரிமம் பெற வேண்டும்.