ஏசி கூலிங் குறைஞ்சிருக்கா? ‘கேஸ் போயிடுச்சு’ன்னு பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, டேக்ஸும் இல்லை. ஏசி மெக்கானிக் பத்திப் பேசப் போறோம். “சிஏ-வுக்கும் ஏசி-க்கும் என்னங்க சம்பந்தம்?”னு கேக்கலாம். எங்க வீட்டுல 6,500 ரூபாய் காத்தோட போச்சு. அதான் சம்பந்தம்.

எனக்குச் சொந்த ஊர் உச்சிப்புளி. அப்பா அம்மா அங்கேதான் இருக்காங்க. ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி அவங்க ரூமுக்கு ஒரு 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கிப் போட்டேன். போன மே மாசம் ஊருக்குப் போனப்ப ராத்திரி 11 மணிக்கு அம்மா விசிறி மட்டையோட உக்காந்திருக்காங்க. ஏசி ஓடிக்கிட்டுதான் இருக்கு, ரிமோட்ல 18 காட்டுது. ரூம்ல குளிரே இல்லை.

“என்னப்பா, மெக்கானிக்கைக் கூப்பிடலையா?”ன்னு கேட்டேன். அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. மார்ச்ல ஒருத்தர் வந்து கேஸ் ஃபில் பண்ணி 3,000 வாங்கியிருக்காரு. ஆறு வாரத்துல கூலிங் போச்சு. இன்னொருத்தர் வந்து மறுபடி கேஸ், 3,500. ரெண்டுக்கும் பில் கிடையாது. அப்பா பென்ஷன் காசுல கொடுத்துட்டு, “உனக்கு எதுக்குப்பா தொந்தரவு”ன்னு என்கிட்ட சொல்லவே இல்லை.

அன்னைக்கு நான் கத்துக்கிட்டதை வரிசையா எழுதுறேன். செலவே இல்லாத செக் முதல்ல, காசு செலவாகுறது கடைசில. இந்த வரிசைதான் முக்கியம்.

முதல்ல ஒரு அடிப்படை: கேஸ் “தீர்ந்து” போகாது

பைக்ல பெட்ரோல் தீர்ற மாதிரி ஏசி-ல கேஸ் தீராது. அது மூடின குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி வர்ற பொருள். ரூம்ல இருக்க சூட்டை எடுத்துக்கிட்டுப் போய் வெளியில கொட்டிட்டுத் திரும்பி வரும், அவ்வளவுதான். கேஸ் குறைஞ்சிருந்தா எங்கேயோ லீக் இருக்குன்னு அர்த்தம். லீக்கைக் கண்டுபிடிக்காம கேஸ் ஏத்துறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற வேலை. எங்க அப்பா ரெண்டு குடம் ஊத்தியிருக்காரு.

அதே நேரம், கூலிங் குறைஞ்சா உடனே கேஸ்தான் காரணம்னும் முடிவு பண்ணக் கூடாது. அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நிறைய இருக்கு.

செக் 1: ரிமோட் (செலவு: 0)

சிரிக்காதீங்க. மோட் ‘கூல்’ல இருக்கான்னு பாருங்க. ‘ட்ரை’, ‘ஈகோ’, ‘ஃபேன்’ல இருந்தா கூலிங் கம்மியாதான் தெரியும். இப்ப வர்ற சில மாடல்ல 40%, 60%, 80%னு திறனைக் குறைச்சு ஓட்டுற பட்டன் இருக்கு. குழந்தைங்க அதை அமுக்கி வச்சிருப்பாங்க.

இன்னொண்ணு, 18ல வச்சா சீக்கிரம் குளிரும்னு நினைக்கிறது தப்பு. கூலிங் வராத மெஷினை 18ல வச்சா அது நிக்காம முழு வேகத்துல ஓடும், கரண்ட் பில்தான் ஏறும். 2020 ஜனவரியில இருந்து ஸ்டார் லேபிள் ஏசி எல்லாம் 24 டிகிரி டீஃபால்ட்டாதான் வரணும்னு விதியே இருக்கு.

செக் 2: ஃபில்டர் (செலவு: 0, நேரம்: 15 நிமிஷம்)

முன்பக்க மூடியைத் தூக்கி, வலையைக் கழட்டி, தண்ணியில கழுவி, நிழல்ல காய வச்சு மாட்டுங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பண்ணணும். ஃபில்டர் அடைச்சா காத்து கம்மியா வரும், உள்ளே காயில்ல ஐஸ் கட்டும். ஐஸ் கட்டினா காத்து இன்னும் குறையும். ஐஸைப் பாத்ததும் “கேஸ் கம்மி”ம்பாங்க. கேஸ் குறைஞ்சாலும் ஐஸ் கட்டும்தான், ஆனா அடைச்ச ஃபில்டராலயும் கட்டும். ஃபில்டரைக் கழுவிட்டு, ஐஸ் முழுசா உருகின பிறகு ஓட்டிப் பாக்காம முடிவுக்கு வராதீங்க.

செக் 3: தெர்மாமீட்டர் டெஸ்ட் (செலவு: 200-300 ரூபாய், ஒரே தடவை)

எனக்குப் பிடிச்ச செக் இதுதான், ஏன்னா இதுல நம்பர் கிடைக்குது. கதவை மூடி ஏசியை 15-20 நிமிஷம் ஓட விடுங்க. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை முதல்ல ஏசி காத்தை உள்ளே இழுக்குற இடத்துல, மேல்பக்கம் வைங்க. அப்புறம் குளிர் காத்து வெளிய வர்ற இடத்துல வைங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் சுமாரா 8-லிருந்து 12 டிகிரி இருந்தா மெஷின் நல்லாதான் இருக்கு. கடலோர ஊர்ல காத்துல ஈரம் அதிகம், அதனால கொஞ்சம் குறைவா வரலாம்.

வித்தியாசம் நல்லா இருந்தும் ரூம் குளிரலையா? அப்ப பிரச்சினை ரூம்ல. வெயில் அடிக்கிற மொட்டை மாடி, கதவுக்கு அடியில இடைவெளி, ரூம் அளவுக்குப் பத்தாத டன். இதுக்கு கேஸ் ஏத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை.

எங்க வீட்டுல உள்ளே போறது 31, வெளிய வர்றது 26. வெறும் 5 டிகிரி. சரி, மெஷின்லதான் கோளாறு.

செக் 4: வோல்டேஜ்

சாயங்காலம் ஊரே ஏசி போடுற நேரத்துல மட்டும் கூலிங் குறையுதா? ஸ்டெபிலைசர் டிஸ்ப்ளேல எவ்வளவு காட்டுதுன்னு எழுதி வைங்க. 230 இருக்க வேண்டிய இடத்துல ரொம்பக் கீழே இறங்கினா கம்ப்ரஸர் தடுமாறும். உள்ளே ஃபேன் ஓடும், வெளி யூனிட் நின்னு நின்னு ஓடும். அப்படின்னா மின்வாரியத்துல புகார் கொடுக்கணும், மெக்கானிக்குக்கு வேலை இல்லை. இன்வெர்ட்டர் இல்லாத பழைய மாடல்னா கெபாசிட்டர் வீக் ஆகியிருக்கலாம். அது சில நூறு ரூபாய் சாமான்.

செக் 5: வெளி யூனிட். எங்க ஊர் கதையே இங்கதான்

உச்சிப்புளியில வடக்கே போனா பாக் நீரிணை, தெற்கே போனா மன்னார் வளைகுடா. ரெண்டு பக்கமும் உப்புக் காத்து. பக்கத்துல மண்டபத்துல காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிறுவனம் உலோகங்களை வெயில்லயும் உப்புக் காத்துலயும் வச்சு, எவ்வளவு வேகமாத் துருப்பிடிக்குதுன்னு சோதிச்ச நிலையம் இருக்கு. 2025 ஏப்ரல்ல திறந்த புது பாம்பன் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் துருவைத் தடுக்குற ஸ்பெஷல் பெயின்ட்டும் போட்டது இந்தக் காத்துக்காகத்தான். பாலத்துக்கே அந்த நிலைமைன்னா, நம்ம வீட்டு ஏசி-யோட மெல்லிசான அலுமினியத் தகடு எம்மாத்திரம்?

வெளி யூனிட் காயில்ல செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டி இருக்கும். ரெண்டு வேற வேற உலோகம், நடுவுல உப்பு ஈரம். பேட்டரி மாதிரி வேலை நடந்து அலுமினியம் அரிச்சுப் போகும். தகட்டுல உப்பும் மணலும் படிஞ்சா சூடு வெளிய போகாது. கேஸ் சரியா இருந்தாலும் கூலிங் குறையும்.

செய்ய வேண்டியது: மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு, மாசம் ஒரு தடவை சாதாரண ஹோஸ்ல மெதுவா தண்ணி விட்டுக் கழுவுங்க. ஃபோர்ஸா அடிச்சா தகடு மடங்கிடும். முக்கியமா நல்ல தண்ணி வேணும். நம்ம பக்கம் பல போர்ல வர்றது உப்புத் தண்ணி. அதுல கழுவினா நோய்க்கு நோயையே மருந்தாக் கொடுத்த கதை. ஒரு குடம் காவிரித் தண்ணி செலவானா பரவாயில்லை.

கரண்ட் பெட்டியையும் கேஸ் குழாயையும் மட்டும் நீங்க திறக்காதீங்க. இப்ப வர்ற ஆர்-32 கேஸ் லேசாத் தீப்பிடிக்கக் கூடியது.

இப்பதான் மெக்கானிக். கேக்க வேண்டிய 4 கேள்வி

1. லீக் எங்கேன்னு காட்டுவீங்களா? நைட்ரஜன் அடிச்சு, சோப்பு நுரை வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்.
2. கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி வாக்குவம் போடுவீங்களா?
3. எடை மெஷின் வச்சு ஏத்துவீங்களா? எத்தனை கிராம்னு யூனிட் மேல ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும்.
4. பில்லும், வேலைக்கு வாரன்டியும் உண்டா?

நான் மூணாவதா கூப்பிட்டவர் இதுக்கெல்லாம் சரின்னாரு. நுரை வச்ச அஞ்சு நிமிஷத்துல வெளி யூனிட்ல குழாய் சேர்ற நட்டுல குமிழி குமிழியா வந்துச்சு. நட்டு உப்புல அரிச்சுப் போயிருந்துச்சு. 6,500 ரூபாய் போன வழி அதுதான். அவரு இன்னொண்ணும் சொன்னாரு: “காயிலும் அரிக்க ஆரம்பிச்சிருக்கு சார். ரெண்டு வருஷம் வரும், அதுக்கு மேல சொல்ல முடியாது.”

ரிப்பேரா, புதுசா? கணக்கு போடலாம்

மொத்தச் செலவைப் பாக்காதீங்க. அந்தச் செலவுல எத்தனை வருஷம் ஓடும்னு பாத்து, ஒரு வருஷத்துக்கு எவ்வளவுன்னு வகுங்க. எனக்கு வந்த மூணு சாய்ஸ்:

- நட்டு மாத்தி கேஸ் ஏத்த 4,200. 2 வருஷம் வரும்னா வருஷத்துக்கு 2,100.
- காயிலே புதுசு, 13,000. 4 வருஷம்னா வருஷத்துக்கு 3,250.
- புது ஏசி, 38,000. உப்புக் காத்து ஊர்ல 7 வருஷம்னா வருஷத்துக்குச் சுமார் 5,430.

நான் முதல் சாய்ஸ் எடுத்தேன். லீக் இருக்குற இடம் உறுதியாத் தெரிஞ்சதாலதான் அதை எடுக்க முடிஞ்சது. எங்கேன்னு தெரியாம இருந்திருந்தா அந்த 4,200-உம் சூதாட்டம்தான்.

கரண்டையும் சேத்துப் பாருங்க. வீக்கா ஓடுற ஏசி ஒரு ராத்திரிக்கு 2 யூனிட் கூட இழுக்குதுன்னு வைங்க. ரெண்டு மாச பில்லுக்கு 120 யூனிட். 500 யூனிட்டுக்கு மேல போனா யூனிட் 8 ரூபாய்க்கு மேல, அதாவது கிட்டத்தட்ட 1,000 ரூபாய். போதாக்குறைக்கு 500-ஐத் தாண்டினா கீழ் ஸ்லாப் ரேட்டும் மாறிடும்.

அடுத்த ஏசிக்கு இப்பவே

ரெண்டு வருஷம்னு தெரிஞ்சு போச்சு. அன்னைக்கே மாசம் 1,600 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போட்டுட்டேன். 24 மாசத்துல 38,400, வட்டி தனி. அப்ப கேஷா வாங்கலாம். “நோ காஸ்ட் இஎம்ஐ”ல ப்ராசஸிங் ஃபீஸ் இருக்கும், கார்டுல வட்டிக்கு ஜிஎஸ்டி இருக்கும், உடனடி டிஸ்கவுன்ட்டும் பல நேரம் கிடைக்காது. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28%லிருந்து 18% ஆயிடுச்சு, அதையும் விலை விசாரிக்கும்போது ஞாபகம் வைங்க.

வாங்கும்போது வாரன்டி கார்டைப் படிங்க. “10 வருஷ வாரன்டி”ன்னு பெருசாப் போட்டிருக்கறது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும்தான். காயில், கேஸ், துரு இதெல்லாம் உண்டா இல்லையான்னு பொடி எழுத்துல இருக்கும். கடலோரத்துல இருக்கீங்கன்னா அந்தப் பொடி எழுத்துதான் உங்களுக்கு முக்கியம். பில் இருந்து, வாரன்டியும் இருந்து, கம்பெனி இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம். பில் இல்லாம கொடுத்த காசுக்கு எங்கேயும் கேள்வி கேக்குறது கஷ்டம். எங்க அப்பா கொடுத்த 6,500 திரும்பி வரலை.

கடைசியா ஒண்ணு. ஊர்ல அப்பா அம்மாவுக்கு ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தவங்க நம்மள்ல நிறைய பேர். வாங்கிக் கொடுத்ததோட நம்ம வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். ரிப்பேர் செலவு அவங்க பென்ஷன்ல சத்தமில்லாமப் போகுது. இந்த வாரம் போன் பண்ணும்போது “சாப்டீங்களா”வுக்கு அப்புறம் “வீட்டுல எதுவும் ரிப்பேரா இருக்கா, யாருக்காவது காசு கொடுத்தீங்களா?”ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.

ஃபில்டர் கழுவுறது, தெர்மாமீட்டர் டெஸ்ட் ரெண்டையும் சேனல்ல வீடியோவாப் போட்டிருக்கேன். வீட்டு ஃபேமிலி குரூப்ல அனுப்பி வைங்க. அடுத்த பதிவுல பாக்கலாம்!