தொட்டியில் குண்டுமல்லி

நர்சரியில் வாங்கும்போது மொட்டும் அரும்புமாக இருந்த குண்டுமல்லி, மொட்டை மாடிக்கு வந்த அடுத்த ஆண்டு வெறும் இலையாக நிற்கும். பூ வேண்டுமென்று கைநிறைய யூரியாவைப் போட்டால் இலைதான் இன்னும் தழைக்கும்.

மல்லிகை புதுத் தளிரின் நுனியில் பூக்கிற செடி. அதனால்தான் 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை விளைவிப்பவர்கள் நவம்பர் கடைசியில் கவாத்து செய்கிறார்கள். மாடித் தொட்டிக்கும் அதே கணக்குதான். முழங்கால் உயரத்துக்கு வெட்டி, காய்ந்த குச்சிகளை நீக்கி, மேல்மண்ணைக் கிளறித் தொழுவுரம் இட்டால் தளிர் வெடித்துக் கிளம்பும். மார்ச்சில் பூ தொடங்கிவிடும். வெயில் மட்டும் தினமும் ஐந்தாறு மணி நேரமாவது நேராக விழ வேண்டும்.

உர விஷயத்தில் தொட்டிக்கும் தோட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தரையில் வேர் சத்தைத் தேடிப் போகும். தொட்டியில் அதற்குப் போக இடமில்லை. அதோடு, தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட்டுக்கும் களிமண் துகளுக்கும் எதிர்மின்னூட்டம் என்பதால் மண்ணால் அதைப் பிடித்துவைக்க முடியாது. தினமும் ஊற்றும் தண்ணீரோடு அடித்துளை வழியே போய்விடும். ஆகவே கொஞ்சமாக, அடிக்கடி கொடுப்பதே சரி. கடலைப் புண்ணாக்கை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, அந்தக் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊற்றலாம். காய்ந்த மண்ணில் ஊற்றாமல், முதலில் நனைத்துவிட்டு ஊற்றுங்கள்.

இளம் இலையைக் கவனியுங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். அந்தத் தண்ணீரால் காரத்தன்மை கூடிய மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, மாலையில் இலைமேல் தெளித்தால் புதுத் தளிர்கள் பச்சையாக வரும்.

மண்தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் அது உரத்திலும் தண்ணீரிலும் உள்ள உப்பு. அந்த மாதம் உரத்தை நிறுத்துங்கள். மழை வரும்போது தொட்டியைத் திறந்த இடத்துக்கு நகர்த்தி வையுங்கள். உப்பைக் கழுவ மழைநீரை மிஞ்சியது கிடையாது.