கூரையோடு கூரை கோத்தவர்கள்

பெர்லின் நகரத்தின் கிழக்குப் பாகத்தில் ஃப்ரீட்ரிஷ்ஹைன், ப்ரென்ஸ்லாவர் பெர்க் என்று இரண்டு பேட்டைகள் உண்டு. 1990ஆம் ஆண்டு இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றானபோது, தொலைபேசி வேண்டுமென்று மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தே பழகிப்போன கிழக்குப் பகுதி ஜனங்களுக்கு, கொடுப்பதை உயர்ந்ததாகவே கொடுத்துவிடுவோம் என்று தேசத்தின் தொலைபேசி ஸ்தாபனம் தீர்மானித்து, இந்தப் பேட்டைகளின் பல தெருக்களில் செம்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழைகளைப் புதைத்தது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், 1999இல், தொலைபேசிக் கம்பியின் வழியாகவே அதிவேக இணையத்தைக் கொண்டுவரும் டி.எஸ்.எல். முறை ஜெர்மனியில் அறிமுகமானபோது, அதற்குத் தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு வரையில் இடையறாத செம்புக் கம்பி தேவைப்பட்டது. பேச்சை மட்டும் உத்தேசித்துப் பொருத்தப்பட்ட கருவிகளோடு நடுவிலே கண்ணாடி இழை குறுக்கிட்ட வீடுகளுக்கு அது எட்டவே இல்லை. யாருடைய வாசலில் மிக நவீனமான இழை புதைந்து கிடந்ததோ அவர்களே, பக்கத்துப் பேட்டைக்காரர்கள் நிமிஷத்தில் முடித்துவிடும் காரியத்துக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியவர்களானார்கள்.

இந்த நிர்ப்பந்தத்திலிருந்து பிறந்த முயற்சிகளில் ஒன்றுதான் ஃப்ரைஃபுங்க் என்ற இயக்கம். வேகமான இணைப்பு கிடைத்த ஒரு வீட்டிலிருந்து, கிடைக்காத வீட்டுக்கு, மாடிக்கு மாடி வானலையிலே பாலம் போட்டுக்கொண்டே போனால் என்ன என்று சில இளைஞர்கள் யோசித்தார்கள். லண்டன் மாநகரில் கன்ஸ்யூம் என்ற பெயரில் 2000ஆம் ஆண்டுவாக்கிலேயே இதே எண்ணத்தோடு சிலர் வேலை தொடங்கியிருந்தார்கள். 2002இல் அவர்களும் பெர்லின்காரர்களும் சந்தித்துப் பேசியதிலிருந்து விஷயம் சூடுபிடித்தது. ஸ்ப்ரே நதிக்கரையில் 1995 முதல் இயங்கிவரும் சீ-பேஸ் என்ற கணினி ஆர்வலர் சங்கத்தில் அவர்கள் புதன்கிழமை மாலைகளில் கூடினார்கள். கூடியவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. பற்றவைக்கும் கோலைச் சூடேற்றி ஆன்டெனா செய்தார்கள்.

அந்த ஆன்டெனாவைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். உணவுப் பண்டம் அடைத்துவந்த தகர டப்பா ஒன்று, எட்டொன்பது சென்டிமீட்டர் குறுக்களவில் இருந்தால் போதும். அதன் பக்கத்திலே அடியிலிருந்து கணக்காக அளந்து ஒரு துளை. அந்தத் துளையின் வழியாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும்படி சுமார் 31 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு செம்புக் கம்பி. அந்த 31 மில்லிமீட்டருக்குக் காரணம் உண்டு. வைஃபை கருவிகள் வழக்கமாகப் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய பன்னிரண்டரை சென்டிமீட்டர். அதில் கால் பங்கு அந்தக் கம்பி. நாலு பக்கமும் சிதறிப்போகும் அலையை டப்பாவின் சுவர்கள் ஒரே திசையில் திருப்பிவிடுகின்றன. ஐரோப்பாவில் இந்த அலைவரிசையில் உரிமச்சீட்டில்லாமல் ஒலிபரப்ப அனுமதிக்கப்பட்ட உச்ச சக்தி 100 மில்லிவாட். பத்து வாட் விளக்கு உண்ணும் மின்சாரத்தில் நூறில் ஒரு பங்கு. அந்த அற்ப சக்தியைக் கொண்டே, எதிரெதிராகத் தடையின்றிப் பார்த்துக்கொள்ளும் இரண்டு கூரைகள் கிலோமீட்டர்க் கணக்கான தூரத்தைக் கடந்துவிடுகின்றன. தடையின்றி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இலை தழைத்த மரம் ஒன்று நடுவே நின்றால், அதிலுள்ள ஈரமே அலையைக் குடித்துவிடும். குளிர்காலத்தில் மொட்டை மரத்தினூடே நன்றாக வேலை செய்த இணைப்பு வசந்தத்தில் படுத்துவிடுவது இந்தத் தொண்டர்களுக்குப் பழக்கமான சங்கடம்.

ஆன்டெனா கிடைத்துவிட்டது, அதை இயக்கும் மூளை வேண்டுமே? அது எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. லிங்க்ஸிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2002ஆம் ஆண்டின் முடிவில், நீலமும் கறுப்புமான உடலும் இரண்டு கொம்புகளுமாக, டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற ஒரு வீட்டு ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள்ளே இயங்கியது லினக்ஸ் என்ற சுதந்திர இயங்குதளம் என்பதைச் சிலர் கண்டுகொண்டார்கள். லினக்ஸை எடுத்தாளுகிறவர்கள் தங்கள் பொருளில் சேர்த்த அதன் மூலநிரலைப் பிறருக்கும் திறந்துகாட்ட வேண்டும் என்பது அதன் உரிம நிபந்தனை. 2003இல் நிறுவனம் மூலநிரலை வெளியிட்டது. அடுத்த வருஷமே ஓபன்டபிள்யூ.ஆர்.டி. என்ற சுதந்திர மென்பொருள் அதிலிருந்து கிளைத்தது. பெர்லின்காரர்களும் தங்கள் தேவைக்கேற்ற ஒன்றைத் தயாரித்துக்கொண்டார்கள். வெறும் 4 மெகாபைட் நினைவகத்தில் ஒரு முழு வலையின் வழிகாட்டியை அடக்கிவிட்ட சாமர்த்தியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. கடையிலே வாங்கிய ஒரு வீட்டுச் சாமான், அதைச் செய்தவர் கனவிலும் கருதாத ஒரு பொதுக் காரியத்துக்குப் பயன்படலாயிற்று.

அந்த வழிகாட்டி செய்யும் வேலை என்ன? சாதாரண வைஃபையில் எல்லாக் கருவிகளும் ஒரே ஒரு நடுப்பெட்டியோடு பேசுகின்றன. அது நின்றால் எல்லாம் நின்றுவிடும். தொண்டர்கள் அமைத்தது மெஷ் என்னும் பின்னல் வலை. இதிலே ஒவ்வொரு பெட்டியும் தன் வீட்டுச் செய்தியை அனுப்புவதோடு, அக்கம்பக்கத்தார் செய்தியையும் வாங்கி அடுத்த கூரைக்குத் தள்ளிவிடுகிறது. எந்தக் கூரை வழியாகப் போனால் சௌகரியம் என்று யாரும் உட்கார்ந்து படம் போட்டுத் தருவதில்லை. பெட்டிகளே சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று விளித்து, "நான் இருக்கிறேன், எனக்கு இன்னின்னார் கேட்கிறார்கள்" என்று பரஸ்பரம் அறிவித்துக்கொண்டு தாமே பாதையை வகுத்துக்கொள்கின்றன. முதலில் கையாண்ட ஓ.எல்.எஸ்.ஆர். என்ற முறைக்கு 2003இல் ஒரு திட்ட வடிவம் ஏற்பட்டிருந்தது. அதன் விதிப்படி, எத்தனைக்கெத்தனை குறைந்த கூரைகளைத் தாவுகிறதோ அத்தனைக்கத்தனை அந்தப் பாதை நல்லது. ஏட்டுக்கு இது சரி. பெர்லின் மாடிகளில் இது பெருந்தொல்லை கொடுத்தது. ஒரே தாவலில் எட்டிவிடும் தூரத்து ஆன்டெனா பெரும்பாலும் பாதிச் செய்தியை வழியில் உதிர்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டது.

ஆகவே, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சியாளர்கள் வகுத்திருந்த ஒரு கணக்கைப் பெர்லின் தொண்டர்கள் தங்கள் வலையில் புகுத்தினார்கள். கணக்கு எளியது. ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்கு அனுப்பும் பத்துத் துண்டுகளில் எட்டு போய்ச் சேருகின்றன என்றும், சேர்ந்தது என்று திரும்பிவரும் பதில்களில் பத்துக்கு ஐந்தே வந்தடைகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். 0.8ஐ 0.5ஆல் பெருக்கினால் 0.4, ஒன்றை அதனால் வகுத்தால் 2.5. அதாவது, ஒரு துண்டு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று உறுதியாவதற்குச் சராசரி இரண்டரை தடவை அனுப்ப வேண்டும். ஏறக்குறைய பழுதே இல்லாத இரண்டு சிறு தாவல்களுக்கோ கூட்டி இரண்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். ஆகையால் சுற்றுவழியே நல்ல வழி என்று பெட்டி தீர்மானித்துவிடும்.

வலை பெருகப் பெருக வேறொரு சிரமம் தலைதூக்கியது. ஊர் முழுவதன் வரைபடத்தையும் ஒவ்வொரு சிறு பெட்டியும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பது அவற்றின் சக்திக்கு மீறிய காரியமாயிற்று. 2006ஆம் ஆண்டு தொடங்கி, ஃப்ரைஃபுங்க் நண்பர்கள் பேட்மேன் என்று பெயரிட்ட புதிய முறையை உருவாக்கினார்கள். இதில் எந்தப் பெட்டிக்கும் முழு வரைபடம் தெரியாது. இன்ன இடத்துக்குப் போக வேண்டுமானால் தன் அண்டையாரில் யாரிடம் ஒப்படைப்பது நல்லது என்பது மட்டும் தெரியும். வழி தெரியாத பாதசாரி, ஊருக்கு ஊர் விசாரித்துக்கொண்டே காசிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதைப் போன்ற ஏற்பாடு இது. அந்த முறை 2011இல் லினக்ஸின் மூலக்கருவிலேயே இடம் பெற்றுவிட்டது.

இதே நீலக் கறுப்புப் பெட்டி நம் தேசத்திலும் மலை ஏறியிருக்கிறது. இந்தியாவில் 2005 ஜனவரியில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெட்டவெளியில் உரிமச்சீட்டில்லாமல் பயன்படுத்தலாம் என்று அரசாங்கம் விலக்கு அளித்தது. மறு மாதமே, இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலாவில், திபெத்திய அகதிகள் குடியிருக்கும் மலைச்சரிவுகளில், மாற்றியமைத்த ரவுட்டர்களைக் கொண்டு எட்டு வளாகங்கள் பின்னல் வலையில் இணைந்துவிட்டன. மரமும் மலையும் மறைக்கும் அத்தகைய பூமியில், நடுவே ஒரே கோபுரம் வைத்து எல்லோருக்கும் ஒலிபரப்பும் பழைய முறை பலிக்காது. இடுக்குகளில் புகுந்து புகுந்து போகும் பின்னல் வலைதான் பொருந்தும். கூரைக்கு வரும் குரங்குகளைத் தாங்கும் உறுதியும் அங்கே ஆன்டெனாவுக்குத் தேவைப்பட்டது.

பெர்லினில் குரங்கு இல்லை. வானத்தைத் தொடும் மாதா கோயில் கோபுரங்கள் இருந்தன. தாழ்ந்த கூரைகளில் தாவித் தாவிப் போகும் செய்தி, ஒவ்வொரு தாவலிலும் வேகத்தை இழக்கிறது. ஒரே அலைவரிசையில் கேட்பதும் சொல்வதுமாக இரு வேலையும் செய்யும் பெட்டி, ஒரே சமயத்தில் இரண்டையும் செய்ய முடியாதாகையால், தாவலுக்குத் தாவல் வேகம் பாதியாகவும் கூடும். ஆகவே, தொண்டர்கள் பாதிரிமார்களையும் நகராட்சி அதிகாரிகளையும் அணுகி, கோபுரங்களின் உச்சியில் 5 கிகாஹெர்ட்ஸில் பேசும் தனி ஆன்டெனாக்களைப் பொருத்த அனுமதி பெற்று, ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு முதுகெலும்பு போன்ற தொடரை நிறுத்தினார்கள்.

கருவியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன். ஆனால், என் உள்ளத்தை அதிகம் கவர்ந்தது கருவியன்று, அதன்மேல் அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை. பீக்கோ பியரிங் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். அதன் சாரம் சில வரிகளில் அடங்கிவிடும்: என் கூரையைக் கடந்து போகும் உன் செய்திக்கு நான் கூலி கேட்கமாட்டேன், அதைத் தடுக்கவோ மாற்றவோ மாட்டேன், என்னோடு இணைவதற்கு வேண்டிய விவரங்களை ஒளிக்காமல் வெளியிடுவேன், ஆனால், இந்தச் சேவை எப்போதும் கிடைக்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். முகந்தெரியாத ஒருவருடைய கடிதம் தன் வீட்டு வழியே போகும்போது அதைப் பிரித்துப் பாராமலும், சுங்கம் வசூலிக்காமலும் அனுப்பிவைப்பது என்ற இந்த ஒழுக்கத்தை, எந்தச் சட்டமும் வற்புறுத்தாமல், சாமானிய ஜனங்கள் தாமாகவே ஏற்று அனுஷ்டித்தார்கள் என்பதை நான் இந்தக் காலத்தின் மிக நல்ல செய்திகளில் ஒன்றாக மதிக்கிறேன். கம்பெனிகள் கட்டும் வலையில் நாம் வாடிக்கைக்காரர்கள். இந்த வலையில் ஒவ்வொருவரும் பாதையின் ஒரு துண்டுக்குச் சொந்தக்காரர், அதே காரணத்தால் பொறுப்பாளியும்கூட.

அந்தப் பொறுப்பே ஒரு சமயம் வினையாகவும் வந்தது. 2010 மே மாதத்தில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், விடுமுறைக்கு வெளியூர் போயிருந்த ஒருவருடைய வைஃபை வழியாக யாரோ ஒரு பாட்டைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்த வழக்கில், இணைப்பைத் தக்கபடி பூட்டிவைக்காத உரிமையாளரும் ஓரளவு பொறுப்பாளியே என்று தீர்ப்பளித்தது. அந்நியருக்குக் கதவைத் திறந்துவைப்பதையே தர்மமாகக் கொண்டவர்களுக்கு இது பேரிடி. 2012 முதல் அவர்கள் ஓர் உபாயம் செய்தார்கள்: தங்கள் வலையிலிருந்து வெளியுலகுக்குப் போகும் செய்திகளை ரகசியக் குழாய் ஒன்றின் வழியாக ஸ்வீடன் தேசத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இணையத்தில் இறக்கிவிட்டார்கள். பெர்லினில் எதிர்வீட்டுக்காரர் படிக்கும் செய்தித்தாள் ஸ்வீடனைச் சுற்றிக்கொண்டு வந்தது. மியூனிக் நகரத்தருகே ஒலி, ஒளிச் சாதனங்கள் விற்ற டோபியாஸ் மக்ஃபாடன் என்ற கடைக்காரர் தம் கடையின் திறந்த வைஃபைக்காக நடத்திய வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரையில் போயிற்று. 2016 செப்டம்பரில் வந்த தீர்ப்பு அவரிடம் நஷ்டஈடு கேட்க முடியாது என்றது. ஆனால், கடவுச்சொல் போடும்படி உத்தரவிடலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. 2017இல் ஜெர்மானியப் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்திய பிறகுதான் தொண்டர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

இந்த வழக்குகள் நடந்துகொண்டிருந்தபோதே 2015ஆம் ஆண்டு வந்தது. சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் சுமார் 8 லட்சத்து 90 ஆயிரம் பேர் அடைக்கலம் தேடி ஜெர்மனிக்குள் வந்தார்கள். உடற்பயிற்சிக் கூடங்களிலும் பழைய காரியாலயங்களிலும் தங்கவைக்கப்பட்ட அவர்களுக்கு, சோற்றுக்கும் கம்பளிக்கும் அடுத்தபடியாக வேண்டியிருந்தது, கடலில் பிரிந்துபோன தம்பி கரை சேர்ந்தானா என்று அறிந்துகொள்ளும் மார்க்கம். ஒப்பந்தமும் டெண்டரும் முடிந்து கம்பி வருவதற்கு மாதங்கள் ஆகும் இடங்களில், பல ஊர்களின் ஃப்ரைஃபுங்க் குழுக்கள் எதிர்வீட்டு மாடியில் ஓர் ஆன்டெனாவும் முகாமின் சுவரில் ஓர் ஆன்டெனாவுமாகப் பொருத்தி இணைப்புக் கொடுத்தன. வலையைக் கட்டத் தெரிந்த கைகள் அக்கம்பக்கத்திலேயே தயாராக இருந்ததன் பலன் அது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். இந்த வலைகள் மனிதரின் ஓய்வு நேரத்தில் நிற்பவை. வீடு மாறிப் போகிறவர் தம் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போனால் பாதையில் ஓட்டை விழுகிறது. புயலில் சாய்ந்த ஆன்டெனாவை நிமிர்த்த ஒருவர் ஏணி ஏறும் வரைக்கும் ஒரு தெரு மௌனமாகிறது. மலிவான டி.எஸ்.எல்.லும் செல்பேசி இணையமும் வந்த பிறகு, காசை மிச்சம் பிடிக்க மட்டும் சேர்ந்தவர்கள் விலகிப் போனார்கள். தங்கியவர்கள், வலை எப்படி ஓடுகிறது என்று அறிந்து அதைத் தம் கையாலேயே நடத்த விரும்பியவர்கள். அவர்கள் சொந்தப் பணத்திலும் சில்லறை நன்கொடையிலும் கருவி வாங்கினார்கள். அந்த நன்கொடைக்கு வரிச் சலுகை உண்டா என்பது நெடுநாள் தெளிவாகவில்லை. 2020ஆம் ஆண்டின் முடிவில் நிறைவேறிய வரிச் சட்டத் திருத்தத்தில்தான், பொதுநலக் காரியங்கள் என்று ஜெர்மன் அரசாங்கம் அங்கீகரிக்கும் பட்டியலில், தோட்டக்காரச் சங்கங்களுக்கும் அமெச்சூர் ரேடியோவுக்கும் மாதிரி விமானங்களுக்கும் பக்கத்தில் ஃப்ரைஃபுங்க் என்ற சொல்லும் ஏறியது. அதன்பின் இந்தச் சங்கங்கள் நன்கொடைக்கு முறைப்படி ரசீது எழுதலாம். அந்தப் பணத்தில் ஆன்டெனாவும் மின்சாரமும் வாங்கலாம். கோபுரத்தில் ஏறுகிறவருக்குக் கூலி மட்டும் இப்போதும் கிடையாது.